ஆம்பிளியின் டிஸ்டார்ஷனைப் பார்க்க ஒரு ஃபேஸ் ஷிஃப்டர்: எந்த ஆப்-ஆம்ப் போடுவது?

குமரி மாவட்டத்தில் ஆம்பிளி ரிப்பேர் பார்ப்பவர்களிடம் வருவது பெரும்பாலும் மைக் செட்காரர்களின் பெட்டிகள்தான். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு மாசிக் கொடை, இடையில் ஊர் ஊராக ஆலய விழாக்கள், கோவில் கொடைகள். பெட்டிக்கு ஓய்வு கிடையாது. டிரான்சிஸ்டர் எரிந்து வந்தால் வேலை சுலபம், மாற்றிவிட்டு அனுப்பலாம். எரியாமல், ஆனால் சத்தம் சரியில்லாமல் வருவதுதான் நம்மை உட்கார வைக்கும். குளச்சல் பக்கத்து மைக் செட் அண்ணன் ஒருவர் ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது: "மக்கா, பாட்டு கொள்ளாம். பிரசங்கத்துக்குச் சத்தம் கம்மியா வச்சா மட்டும் கரகரன்னு கிடக்கு." ஸ்கோப்பில் (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பார்த்தால் சைன் அலை அழகாகத்தான் தெரிந்தது.

ஸ்கோப் திரையில் ஒரு சதவீத டிஸ்டார்ஷன்கூட (அலை வடிவம் கெடுவது) கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. லேப்டாப்பில் சவுண்ட் கார்டு வழியாக எஃப்எஃப்டி (அலையில் எந்தெந்த அதிர்வெண் கலந்திருக்கிறது என்ற படம்) பார்க்கலாம். ஆனால் கார்டின் சொந்த டிஸ்டார்ஷன் எது, ஆம்பிளியுடையது எது என்ற சந்தேகம் தீராது. அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆம்பிளிக்குள் போகும் அதே சைன் அலையை, வெளியே வருவதிலிருந்து கழித்துவிடுவது. அளவும் கோணமும் சரியாகப் பொருந்தினால் அடிப்படை அலை ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் இருப்பது ஆம்பிளி தானாகச் சேர்த்த அழுக்கு மட்டும்: ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3 மடங்குகளில் வரும் அலைகள்), ஹம், இரைச்சல். அதைப் பெருக்கி ஸ்கோப்பில் போட்டால் குற்றவாளியின் முகமே தெரியும்.

கழித்தல் எளிது. கோணத்தைப் பொருத்துவதுதான் கடினம். 1 கிலோ ஹெர்ட்ஸில் ஆம்பிளி ஓரிரு டிகிரி முன்பின் தள்ளித்தான் அலையைக் கொடுக்கும். மிச்சத்தை 60 டெசிபல் கீழே இறக்க வேண்டுமானால் கோணம் 0.057 டிகிரிக்குள் பொருந்த வேண்டும். 80 டெசிபல் வேண்டுமென்றால் 0.0057 டிகிரி. ஆகவே கோணத்தை வேண்டிய அளவு நகர்த்தும் ஒரு சர்க்யூட், அதாவது ஃபேஸ் ஷிஃப்டர் தேவை. அந்த ஷிஃப்டர் சொந்தமாக ஹார்மோனிக் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அது நேராக மிச்சத்தில் வந்து நிற்கும், நாம் ஆம்பிளியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். அதற்கு எந்த ஆப்-ஆம்ப் (பிளஸ், மைனஸ் முனைகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐசி) போடுவது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

முதலில் எல்லாரும் போடும் ஆல்-பாஸ் சர்க்யூட்டையே டாட் போர்டில் கட்டினேன். ஒரே ஆப்-ஆம்ப். உள்ளே வரும் சிக்னல், சமமான இரண்டு ரெசிஸ்டர் வழியாக மைனஸ் முனைக்கும் அவுட்புட்டுக்கும் போகும். அதே சிக்னல் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பிளஸ் முனைக்கு வரும். பிளஸ் முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு கெப்பாசிட்டர். அலையின் உயரம் மாறாது, கோணம் மட்டும் பின்னால் போகும். எவ்வளவு என்றால், 2π, அதிர்வெண், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் நான்கையும் பெருக்கி வரும் எண்ணுக்கு டேன் இன்வர்ஸ் பார்த்து, அதை இரண்டால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்குத்தொகை 1 ஆக இருக்கும்போது சரியாக 90 டிகிரி. 10 நானோ ஃபாரட் போட்டால் 1 கிலோ ஹெர்ட்ஸில் அதற்கு 15.9 கிலோ ஓம் தேவை.

ஐசிகளுக்கு சாக்கெட் வைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எல்.எம். 358 முதலிலேயே வெளியே போனது. அதன் அவுட்புட் கட்டம் சுழியைத் தாண்டும் இடத்தில் கையை விடுகிற வகை; கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷனைத் தேடப் போகிற கருவியில் அதே நோயுள்ள ஐசிக்கு இடமில்லை. அவுட்புட்டிலிருந்து நெகட்டிவ் சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டர் கொடுத்தால் அந்தக் கோளாறு குறையும், ஆனால் அவ்வளவு பாடு பட்டு அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஜே.ஆர்.சி. 4558, நம்மூர் ஆம்பிளிகளின் டோன் போர்டில் பரவலாக இருக்கும் ஐசி, பரவாயில்லை ரகம். டி.எல். 072, என்.ஈ. 5532, ஓ.பி.ஏ. 2134, எல்.எம். 4562 ஆகிய நான்குக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

ஸ்லூ ரேட்டை (அவுட்புட் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்ற எண்) பார்த்துப் பலர் ஐசி தேர்ந்தெடுப்பதைக் கண்டிருக்கிறேன். இங்கே அதற்கு வேலையே இல்லை. 2 வோல்ட் ஆர்எம்எஸ் சைன், 1 கிலோ ஹெர்ட்ஸில், மைக்ரோ செகண்டுக்கு 0.018 வோல்ட்தான் கேட்கிறது. 358 கூட அதைப்போல பத்து மடங்குக்கு மேல் தரும். பார்க்க வேண்டியது லூப் கெயின். ஆப்-ஆம்ப் தன் டிஸ்டார்ஷனைத் தானே திருத்திக்கொள்ள எவ்வளவு கெயின் மிச்சம் வைத்திருக்கிறது என்ற கணக்கு அது, அதுவும் ஹார்மோனிக் விழும் அதிர்வெண்ணில். இந்தச் சர்க்யூட்டின் நாய்ஸ் கெயின் (பிளஸ் முனையிலிருந்து பார்த்தால் கிடைக்கும் பெருக்கம்) 2. மூன்றாம் ஹார்மோனிக் 3 கிலோ ஹெர்ட்ஸில். கெயின்-பேண்ட்வித்தை (கெயினையும் அதிர்வெண்ணையும் பெருக்கி வரும் எண்) 3 கிலோ ஹெர்ட்ஸால் வகுத்து, மறுபடி 2-ஆல் வகுத்தால் போதும். 3 மெகா ஹெர்ட்ஸ் கெயின்-பேண்ட்வித் உள்ள 072-க்கு அங்கே 500 மடங்கு மிச்சம். 10 மெகா ஹெர்ட்ஸ் உள்ள 5532-க்குச் சுமார் 1,670. 55 மெகா ஹெர்ட்ஸ் உள்ள 4562-க்கு 9,000-க்கும் மேல்.

இந்தக் கணக்குப்படி 2134, 5532-ஐ ஒட்டி வர வேண்டும். அதன் டேட்டாஷீட்டில் டிஸ்டார்ஷன் 0.00008 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் 90 டிகிரி சர்க்யூட்டில் அதுவும் 072-உம் 5532-ஐ விடக் கொஞ்சம் அழுக்காகவே காட்டின. காரணம் அதே டேட்டாஷீட்டின் உள்பக்கத்தில் இருக்கிறது. இவை இரண்டும் ஜேஃபெட் (ஃபீல்டு எஃபெக்ட் டிரான்சிஸ்டர்) இன்புட் உள்ளவை. இன்புட் முனையின் உள் கெப்பாசிட்டன்ஸ் அங்குள்ள வோல்டேஜுக்குத் தக்கபடி மாறும். மைனஸ் முனை விர்ச்சுவல் எர்த்தாக (எர்த்தோடு இணைக்காமலே சுழி வோல்ட்டில்) நிற்கும் இன்வெர்ட்டிங் சர்க்யூட்டில் இது தெரியாது. நம் ஆல்-பாஸில் இரண்டு முனைகளும் சிக்னலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகின்றன. காமன் மோட் என்பது இதுதான். பிளஸ் முனை 16 கிலோ ஓமைப் பார்க்கிறது, மைனஸ் முனை 1 கிலோ ஓமைப் பார்க்கிறது. மாறும் கெப்பாசிட்டன்ஸ் அந்த 16 கிலோ ஓமோடு சேர்ந்து அலையைக் கெடுக்கிறது. இரண்டு பக்கமும் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்குக் காட்டும் தடை) பொருந்தாமல் 2 கிலோ ஓமைத் தாண்டினால் டிஸ்டார்ஷன் ஏறும் என்று உற்பத்தியாளரே எழுதியிருக்கிறார். முகப்பில் போட்டிருக்கும் எண் வேறு சர்க்யூட்டில் எடுத்தது. என் சர்க்யூட்டில் அது பொருந்த வேண்டிய அவசியமில்லை.

அதனால் ஐசியை ஓரமாக வைத்துவிட்டு சர்க்யூட்டையே கேள்வி கேட்டேன். எனக்கு 90 டிகிரி எதற்கு? நல்ல ஆம்பிளி 1 கிலோ ஹெர்ட்ஸில் சில டிகிரிதான் நகர்த்துகிறது. எனக்குத் தேவை 0 முதல் 10 அல்லது 15 டிகிரி. அப்படியானால் ரெசிஸ்டரை 2 கிலோ ஓமுக்கு இறக்கலாம். 10 நானோ ஃபாரடோடு அது 14 டிகிரி வரை தரும்.

இதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு: சூடு. கெப்பாசிட்டரின் மதிப்பு வெப்பத்தோடு மாறும். பாலிபுரொப்பிலீன் டிகிரி செல்சியஸுக்கு மில்லியனில் சுமார் 200 பங்கு குறையும். 90 டிகிரியில் ஓட்டினால் அந்த மாற்றம் முழுவதும் கோணமாக மாறி, ஒரு டிகிரி சூட்டுக்கே 80 டெசிபல் பொருத்தம் 74-க்கு வந்துவிடும். பொருத்திவிட்டு மின்விசிறியைப் போட்டால் போதும், ஊசி நகர ஆரம்பிக்கும். 5, 6 டிகிரி கோணத்தில் ஓட்டும்போது அதே மாற்றம் பத்தில் ஒரு பங்குதான் தெரியும். கூடவே சி0ஜி வகை செராமிக் போட்டால் மாற்றம் 30 பங்குக்குள் அடங்கும், பிரச்சினை தீர்ந்தது. செராமிக் என்றதும் எக்ஸ்7ஆர் எடுத்துவிடாதீர்கள். அதன் கெப்பாசிட்டன்ஸ் வோல்டேஜுக்குத் தக்கபடி மாறும். அது ஒன்றே போதும், உலகின் மிகச் சிறந்த ஆப்-ஆம்பையும் வீணாக்க. பச்சை நிறப் பாலியெஸ்டர் கண்டன்சரும் இந்த வேலைக்கு இரண்டாம் தரம்தான். ரெசிஸ்டர் எல்லாம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம்.

அடுத்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். சிறு கோணத்தில், மேலே சொன்ன சர்க்யூட்டின் பிளஸ் முனைக்கு வரும் சிக்னலை ஒருமுறை கவனியுங்கள். கெப்பாசிட்டர் எர்த்துக்குப் போகிறது, ஆனால் 1 கிலோ ஹெர்ட்ஸில் அது அதிகம் இழுப்பதில்லை. ஆகவே உள்ளே வரும் 2 வோல்ட்டும் அப்படியே பிளஸ் முனையில் நிற்கிறது. காமன் மோட் உச்சத்தில். ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் இடம் மாற்றிப் போட்டேன்: சிக்னலிலிருந்து பிளஸ் முனைக்குக் கெப்பாசிட்டர், பிளஸ் முனையிலிருந்து எர்த்துக்கு ரெசிஸ்டர். கணக்குப் போட்டால் அதே கோணம், அதே பின்னடைவு, அலை மட்டும் தலைகீழாக வரும். ஆனால் பிளஸ் முனையில் இப்போது இருப்பது உள்ளே வரும் சிக்னலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 5.7 டிகிரி பின்னடைவில் 2 வோல்ட்டுக்கு 0.1 வோல்ட்தான். ஆப்-ஆம்ப் கிட்டத்தட்ட ஒரு சாதாரண இன்வெர்ட்டராக ஓடுகிறது. காமன் மோட் டிஸ்டார்ஷனுக்கு அங்கே தீனியே இல்லை. தலைகீழாக வருவதும் நமக்கு நல்லதுதான். கழிக்கத் தனி சர்க்யூட் வேண்டாம், இரண்டு ரெசிஸ்டர் வழியாக ஒரு விர்ச்சுவல் எர்த்தில் கூட்டினால் போதும், கழிந்துவிடும்.

இடம் மாற்றிய பிறகு அதே ஐசிகளை மறுபடியும் சாக்கெட்டில் போட்டுப் பார்த்தேன். 2134-க்கும் 5532-க்கும் இருந்த வித்தியாசம் என் கருவிகளுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விட்டது. 072 கூட மரியாதையாக நின்றது. லூப் கெயின் குறைவு, இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 18 நானோ வோல்ட் என்பதால் மட்டும் பின்தங்கியது. 4562 எண்களில் எல்லாவற்றையும் வெல்லும். ஆனால் அதன் வேகத்துக்கு டாட் போர்டு பொருந்தாது. வயரிங் கொஞ்சம் நீண்டாலும் மெகா ஹெர்ட்ஸில் ஆட ஆரம்பிக்கும், அது ஆடினால் டிஸ்டார்ஷன் எண்ணுக்கு அர்த்தமில்லை. நல்ல பிசிபி, கிரவுண்ட் பிளேன் போட்டுச் செய்பவர்கள் தாராளமாக அதையே எடுக்கலாம். ஓ.பி.ஏ. 1612 போன்றவை இன்னும் மேலே, ஆனால் எஸ்எம்டி உறையில்தான் கிடைக்கும்.

நான் நிறுத்தியது 5532-இல். அதன் வோல்டேஜ் இரைச்சல் 5 நானோ வோல்ட்; 1.6 கிலோ ஓம் ரெசிஸ்டர் தானாகவே கொடுக்கும் இரைச்சலும் ஏறத்தாழ அதே அளவு. ஆகவே இந்த இம்பீடன்ஸில் அதைவிட அமைதியான ஐசிக்குக் காசு கொடுத்துப் பெரிதாகக் கிடைப்பது எதுவுமில்லை. 600 ஓம் லோடையும் தள்ளும். எல்லாவற்றுக்கும் மேல் நம் கடற்கரை. முட்டம், குளச்சல் பக்கம் இருந்து வரும் போர்டுகளில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்றில் பிசிபியின் மேல்பரப்பே ஒரு ரெசிஸ்டர். பல நூறு கிலோ ஓம் முனைகளை நம்பி ஜேஃபெட் சர்க்யூட் கட்டினால் இரண்டு பருவமழையும் வந்து போகும் இந்த ஊரில் அது நிலையாக நிற்காது. 2 கிலோ ஓமைச் சுற்றிக் கட்டினால் அந்தக் கவலை இல்லை.

5532 வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மேலே 5532 என்று அச்சடித்த வேறு ஐசிகள் சந்தையில் ஏராளம். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஐசியின் ஒரு பாதியை ஃபாலோயராக இணையுங்கள்: அவுட்புட்டும் மைனஸ் முனையும் ஒன்று. பிளஸ் முனையிலிருந்து எர்த்துக்கு 1 மெகா ஓம், அதன் மேலேயே ஒரு 100 நானோ ஃபாரட். ±15 வோல்ட் கொடுத்து அவுட்புட்டில் டிசி அளவெடுங்கள். அசல் 5532-இன் இன்புட் என்பிஎன் வகை, 200 நானோ ஆம்பியர் அளவுக்குக் கரண்டை உள்ளே இழுக்கும். ஆகவே மீட்டர் மைனஸ் 0.2 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், மைனஸ் 0.8 வரை போனாலும் அது அசலாக இருக்கலாம். பிளஸ் பக்கம் காட்டினால் உள்ளே பிஎன்பி இன்புட், பெரும்பாலும் 4558. சில மில்லி வோல்ட் மட்டும் என்றால் ஜேஃபெட். சப்ளை கரண்டையும் பாருங்கள்: 5532 சும்மா இருக்கும்போதே 8 மில்லி ஆம்பியர் அளவு குடிக்கும், 358 ஒரு மில்லி ஆம்பியரைச் சுற்றியே நிற்கும். நான் வாங்கும் ஒவ்வொரு ஐசியையும் இப்படிப் பார்த்துத்தான் டப்பாவில் போடுகிறேன்.

சைன் அலையை உண்டாக்க வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர். 1939-இல் வில்லியம் ஹியூலெட் செய்த அதே தந்திரம், கெயினை நிலைநிறுத்த ஒரு சிறு பல்பு. குறைந்த கரண்டில் எரியும் 12 வோல்ட் பல்பை இழை சிவக்காத அளவில் ஓட்டினால் அலையின் உயரம் தானாக நிற்கும். ஜேஃபெட்டை மாறும் ரெசிஸ்டராக வைத்தும் செய்யலாம், ஆனால் அது தன் பங்குக்கு ஹார்மோனிக் சேர்க்கும். இதே காரணத்தால்தான் ஷிஃப்டரிலும் ஜேஃபெட்டோ எல்டிஆரோ (வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறும் ரெசிஸ்டர்) வைக்காமல் கையால் திருகும் பாட் (பொட்டன்ஷியோமீட்டர்) வைத்தேன். சைன் அலை வரும் மூலத்தில் ஹார்மோனிக் கொஞ்சம் இருந்தாலும் பெரும்பகுதி கழிந்துவிடும் என்பது சிறு கோணத்தின் இன்னொரு நன்மை. ஆல்-பாஸ் சிறு கோணத்தில் ஒரு சிறு தாமதம் போலவே நடந்துகொள்ளும். உயர் அதிர்வெண்ணில் ஆம்பிளி தரும் பின்னடைவும் அப்படித்தான். அதனால் 2, 3 கிலோ ஹெர்ட்ஸிலும் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். 90 டிகிரியில் அது நடக்காது.

இனி கட்டியதைச் சொல்கிறேன். ஷிஃப்டரில் மைனஸ் முனையைச் சுற்றி 2 கிலோ ஓம் இரண்டு, கெப்பாசிட்டர் 10 நானோ ஃபாரட் சி0ஜி, எர்த்துக்குப் போகும் ரெசிஸ்டராக 2 கிலோ ஓம் பத்துச் சுற்று ஒயர்வவுண்ட் பாட், அதோடு வரிசையில் 100 ஓம் பாட் ஒன்று நுண் திருத்தத்துக்கு. 100 ஓம் முழுவதும் திருப்பினால் 0.7 டிகிரிதான் நகரும். அதற்குப் பெரிய நாப் போட்டால் கைக்கு வசப்படும். சில ஆம்பிளிகள் இன்புட் கெப்பாசிட்டரால் கோணத்தை முன்னால் தள்ளும், ஷிஃப்டரோ பின்னால் மட்டுமே தள்ளும். அதற்காக ஆம்பிளிக்குப் போகும் வழியில் 1 கிலோ ஓமும் 15 நானோ ஃபாரடும் வைத்து நிரந்தரமாக 5 டிகிரி பின்னடைவு கொடுத்துவிட்டேன்.

கூட்டும் இடத்தில் ஷிஃப்டரிலிருந்து 2 கிலோ ஓம். ஆம்பிளியின் அவுட்புட்டிலிருந்து 6.8 கிலோ ஓம் நான்கு வரிசையாக, அவற்றோடு 2 கிலோ ஓம் பத்துச் சுற்று பாட். 8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட். அந்த 28 வோல்ட்டும் நம் 2 வோல்ட்டும் தலா 1 மில்லி ஆம்பியராகச் சந்தித்து அழிந்துபோகும். ஒரே பெரிய ரெசிஸ்டர் வைக்காமல் நான்காகப் பிரித்தது சூட்டைப் பகிர்ந்துகொள்ளத்தான். ரெசிஸ்டர் சூடானால் மதிப்பு நகரும், பொருத்தம் கலையும். ஃபீட்பேக்கில் 20 கிலோ ஓம், அதன் குறுக்கே எதிரெதிராக இரண்டு 1என்4148. பொருந்தாத நேரத்தில் டயோடுகள் அவுட்புட்டைப் பிடித்துவைக்கும். பொருந்திய பிறகு வோல்டேஜ் மிகக் குறைவு, அவை இருப்பதே தெரியாது. ஒவ்வொரு ஐசியின் காலடியிலும் 100 நானோ ஃபாரட் கட்டாயம். பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்பிளியை இதில் இணைக்கவே வேண்டாம். அதன் இரண்டு அவுட்புட்டிலும் எர்த் கிடையாது.

குளச்சல் அண்ணனின் பெட்டியை 8 ஓம் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் வைக்கும் ரெசிஸ்டர்) மாட்டினேன். முழுச் சத்தத்தில் பொருத்தியபோது மிச்சத்தில் பெரும்பாலும் ஹம்தான். அப்புறம் டிரைவை 1 வாட் அளவுக்கு இறக்கி, அதே விகிதத்தில் ஷிஃப்டர் வழியாக வரும் ரெஃபரன்ஸையும் இறக்கி மறுபடி பொருத்தினேன். அடிப்படை அலை மறைந்த இடத்தில், சைன் சுழியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஊசி போல ஒரு குத்து. அவுட்புட் டிரான்சிஸ்டர்களை யாரோ மாற்றியிருக்கிறார்கள், பயாஸை (சிக்னல் இல்லாதபோதும் அவற்றில் ஓட வேண்டிய சிறு கரண்ட்) மறுபடி அமைக்கவில்லை. பயாஸ் ப்ரீசெட்டை மெல்லத் திருப்ப, குத்துகள் உயரம் குறைந்து, அகலமாகி, ஹம்முக்குள் கரைந்தன. அந்த இடத்தோடு நிறுத்தி, எமிட்டர் ரெசிஸ்டரில் வோல்டேஜ் அளந்து, ஹீட்சிங்க் சூடான பிறகும் அது ஏறிக்கொண்டே போகவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

100 வோல்ட் லைன் ஆம்பிளிகளுக்கு (டிரான்ஸ்பார்மர் வழியாக நீண்ட வயரில் ஸ்பீக்கர்களை ஓட்டுபவை) 14 டிகிரி சில நேரம் போதாது, டிரான்ஸ்பார்மர் கோணத்தைக் கூடுதலாக நகர்த்தும். அதற்கு ஒரு ஸ்விட்ச் வைத்து 10 நானோவுக்குப் பதில் 33 நானோ ஃபாரட் சி0ஜி மாற்றிக்கொள்கிறேன், 45 டிகிரி வரை கிடைக்கிறது. அந்த நிலையில் காமன் மோட் கொஞ்சம் ஏறும், ஆனால் பிளஸ் முனை பார்ப்பது அப்போதும் 2 கிலோ ஓமுக்குள்தான், 5532-க்கு அது ஒரு பொருட்டல்ல. அந்த லைன் அவுட்புட்டில் வருவது 100 வோல்ட் என்பதால், நான்கு 6.8 கிலோ ஓம்களோடு வரிசையில் 72 கிலோ ஓம் அளவுக்குக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அவையும் மெட்டல் ஃபிலிம், அவையும் பிரித்துத்தான்.